போல்டி அண்ணியின் கசகசா மூட்டை

போல்டி என்ற பேரை நான் முதன்முதலில் கேட்டது எங்கள் வீட்டில் பன்றி அறுத்த அன்றைக்கு. டிசம்பர் மாதம். முழங்கை வரைக்கும் கொழுப்பு அப்பிக்கொண்டு நானும் அம்மாவும் குடலில் இறைச்சி அடைத்துக்கொண்டிருந்தோம். திராட்சைக் கொடிக்கு ஊன்றுகொம்பு வாங்க மேட்டு நாட்டுக்குப் போன என் அண்ணன் ஃபெர்டினாண்ட், ஒரே நாளில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிப் போனவன், நாலாம் நாள் மத்தியானம் வந்து நின்றான். வண்டியில் பாதிக் கொம்புதான் இருந்தது. முகத்தில் மட்டும் ஒரு வண்டிச் சிரிப்பு.

"ஏண்டா, மீதிக் கொம்பு எங்கே?" என்றாள் அம்மா.

"போல்டி வீட்ல இருக்கும்மா. அடுத்த வாரம் போய் எடுத்துட்டு வரணும்."

"போல்டி யாரு, மரம் விக்கிறவனா?"

"மரம் விக்கிறவரோட பொண்ணு."

அம்மா கையிலிருந்த குடலை நழுவ விட்டாள். பூனை இழுத்துக்கொண்டு ஓடியது. நான் துரத்தவில்லை. பேச்சு அவ்வளவு நன்றாக இருந்தது.

"மேட்டு நாட்டுக்காரியாடா? அங்க கொடியே முளைக்காதே! கல்லும் கிழங்கும் கசகசாவும்தானே விளையும்?"

"பொண்ணுங்களும் விளையறாங்கம்மா," என்றான் அண்ணன்.

அடுத்த வாரம் கொம்பு எடுக்கப் போனான். அதற்கடுத்த வாரமும் போனான். கொம்பு வேண்டிய அளவு எப்போதோ வந்துவிட்டது, ஆனாலும் போனான். பிப்ரவரியில் கல்யாணம்.

எங்கள் ஊர் ஸ்டைன்லைட்டன், டான்யூப் ஆற்றங்கரையில் ஒரே ஒரு தெரு. தெருவுக்கு மேலே மலைமுழுக்கப் படி படியாகத் திராட்சைத் தோட்டம். சாந்து வைக்காமல் கல்லை அடுக்கியே கட்டிய சுவர்கள்தான் அந்த மண்ணைத் தாங்கி நிற்கின்றன. மேட்டு நாடு எங்களுக்கு வடக்கே, வண்டியில் அரை நாள் தூரம்தான். ஆனால் எங்கள் ஆட்களைக் கேட்டால் சைபீரியா என்பார்கள். அங்கிருந்து பெண் எடுத்தவர்கள் எங்கள் வழியில் யாருமே இல்லை. என் அப்பாவின் சித்தப்பா ஒருத்தர் எடுத்ததாகச் சொல்வார்கள். அவர் பெண்ணோடு அங்கேயே போய்விட்டார், அதனால் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

கல்யாணச் சீராகப் போல்டி அண்ணி கொண்டுவந்தது இவ்வளவுதான்: ஓர் இறகு மெத்தை, ஒரு மாட்டு மணி, ஒரு மூட்டை கசகசா. மாடும் வரவேண்டியதுதான், வழியில் கால் ஒடிந்துவிட்டது. அம்மா அந்த மூட்டையைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தாள்.

"இத்தனை கசகசாவை வெச்சு என்னம்மா பண்றது? ஊரையே தூங்கவைக்கலாம் போல."

"கொழுக்கட்டை பண்ணலாம் அத்தை," என்றாள் அண்ணி. கிண்டல் என்று அவளுக்குப் புரிந்ததா, புரியாத மாதிரி இருந்தாளா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அவளிடம் ஒரு வழக்கம் இருந்தது. யார் வீட்டுக்குள் காலை வைத்தாலும் முதலில் கையில் சூடாக ஏதாவது கொடுத்துவிடுவாள். அதற்குப் பிறகுதான் யார், எதற்கு வந்தீர்கள் என்ற விசாரணை. அவர்கள் ஊர்க் குளிருக்கு அப்படித்தானாம். தபால்காரருக்குச் சூப் கொடுத்தாள். ஒரு மாதம் கழித்து அந்த மனுஷன் ஞாயிற்றுக்கிழமையும் வந்தார். "கடுதாசி இருக்கா?" என்று நான் கேட்டதற்கு, "இல்ல, நாளைக்கு வரலாம்னு சொல்லிட்டுப் போக வந்தேன்," என்றார்.

அம்மாவுக்கு இதுதான் பெரிய கவலை. ஏனென்றால் மே மாதம் எங்கள் வீட்டு வாசலில் தழை கட்டும் முறை வரும்.

தழை என்றால் ஒரு கட்டுப் பச்சைத் தேவதாருக் கிளை. அதைக் கழியில் கட்டி வாசலுக்கு மேலே தொங்கவிட்டால், இந்த வீட்டில் சொந்தத் தோட்டத்து ஒயின் விற்கிறோம், யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம் என்று அர்த்தம். தழை தொங்குகிற வரைக்கும் யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. இரண்டு வாரம் ஒரு வீட்டில், அடுத்த இரண்டு வாரம் அடுத்த வீட்டில் என்று தெருவில் முறை போகும். தழையைக் கட்டுவதும் அவிழ்ப்பதும் வீட்டுக்குப் பெரியவள் கை. ரொட்டி, பன்றிக்கொழுப்பு, புகைபோட்ட கறி, பாலாடைக்கட்டி எல்லாம் கொடுக்கலாம். எல்லாம் ஆறியதாக இருக்க வேண்டும். அடுப்பிலிருந்து சுடச்சுட இறக்கி விருந்தாளிக்குக் கொடுக்க உரிமைப் பத்திரம் வாங்கிய சாப்பாட்டு விடுதிக்காரனுக்கு மட்டும்தான் அனுமதி. எங்கள் தெருவில் அந்த ஆள் இக்னாஸ் மாமா.

முந்தின வருஷம் கீழ்வீட்டுக்காரர்கள் விருந்தாளிக்கு வறுத்த தொத்திறைச்சி கொடுத்தார்கள். இக்னாஸ் மாமா மூக்குக்கு எட்டியது. மூன்று வருஷம் தழை கட்டக் கூடாது என்று உத்தரவு வந்தது. அவர்களால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. தோட்டத்தை விற்றுவிட்டு லின்ஸ் நகரத்துப் பக்கம் ஆலை வேலைக்குப் போனார்கள். எங்கள் வீட்டிலும் அதே நிலைமைதான். இரண்டு வருஷத்து ஒயின் நிலவறையில் கிடந்தது, வியாபாரி ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தழை போனால் தோட்டம் போகும். அம்மா இதைக் காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை ஜெபம் மாதிரி அண்ணிக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இக்னாஸ் மாமா எங்களுக்கு உறவுதான். அம்மாவைப் பெற்ற தாத்தாவுடைய அக்காளின் கொழுந்தன் பேரன். சின்ன வயசில் அம்மாவைப் பெண் கேட்டு வந்திருக்கிறார். அம்மா அப்பாவைக் கட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து முப்பது வருஷமாக எதிர்வீட்டில் நின்று முறைத்துக்கொண்டிருந்தார். அப்பா போய்ச் சேர்ந்த பிறகும் முறைப்பு போகவில்லை.

அந்த வருஷம் மே பதினைந்து. குளிர்ச் சோஃபியா நாள் என்போம். வசந்தத்தின் கடைசிக் குளிர் அன்றைக்கு வந்து கடித்துவிட்டுப் போகும் என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. மூன்று நாளாக மழை. விடியற்காலையில் தடதடவென்று ஒரு சத்தம். எங்கள் தோட்டத்துக் கீழ்ப்படிச் சுவர் சரிந்து, தெருத் திருப்பத்தில் குவியலாக விழுந்து கிடந்தது. இந்தப் பக்கத்து வண்டி அந்தப் பக்கம் போக வழியில்லை.

அண்ணன் தனியாகவே தூக்கப் போனான். நாலாவது கல்லில் முதுகு பிடித்துக்கொண்டது. குனிந்த மேனிக்கே வீட்டுக்கு நடந்து வந்து, குனிந்த மேனிக்கே மாடிக் கட்டிலில் விழுந்தான்.

இக்னாஸ் மாமா வந்து கத்தினார். "என் பீர் வண்டி ஸ்டேஷன்லேர்ந்து வரணும்! சாயங்காலத்துக்குள்ள இந்தக் கல்லை எடுக்கணும். இல்லைன்னா போலீஸ்ல சொல்லிடுவேன், செசிலியா!"

செசிலியா என் அம்மா. "சொல்லு, சொல்லு. அதைத் தவிர உனக்கு வேற என்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டுக் கறுப்பு உடையை மாட்டினாள். அக்கரையில் அவள் தங்கை பேத்திக்கு ஞானஸ்நானம். படகு ஏறப் போகும்போது அண்ணியைப் பார்த்து விரலை ஆட்டினாள்.

"நான் திரும்பி வர்றதுக்குள்ள அடுப்புலேர்ந்து ஒரு தட்டு விருந்தாளி மேஜைக்குப் போகக் கூடாது. புரியுதா?"

"புரியுது அத்தை."

"ரொட்டி?"

"ஆறினது."

"கறி?"

"ஆறினது."

"நீ?"

"நானும் ஆறிப்போயிருக்கேன் அத்தை," என்றாள் அண்ணி. அம்மா சிரிப்பை முழுங்கிக்கொண்டு போனாள்.

மத்தியானம் ஒரு மணி இருக்கும். வியன்னாவிலிருந்து நாற்பது டிராம் கண்டக்டர்கள் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்குள் ஒரு பாட்டுக் குழு வைத்திருந்தார்கள். வருஷத்துக்கு ஒரு நாள் ஆற்றுப் பள்ளத்தாக்கைச் சுற்றிப் பார்க்கக் கப்பலில் வருவார்களாம். மூடுபனியில் கப்பல்காரர் இனி நகர மாட்டேன் என்று எங்கள் படித்துறையில் இறக்கிவிட்டார். அடுத்த ரயில் ஐந்தரைக்கு. எல்லோரும் கோட்டும் டையும் கட்டி, கோழி நனைந்த மாதிரி நனைந்திருந்தார்கள். முதலில் இக்னாஸ் மாமா விடுதிக் கதவைத்தான் தட்டியிருக்கிறார்கள். அவர் குனிந்து எண்பது சேற்றுச் செருப்பைப் பார்த்துவிட்டு, "தரைக்கு இப்பதான் மெழுகு போட்டேன், சாயங்காலம் வாங்க," என்று சாத்திவிட்டார்.

அவர்களுக்குத் தலைவர் எமெரிஷ் என்று ஒரு குண்டு மனுஷர். எங்கள் வாசலில் நின்று மேலே கையைக் காட்டினார். தொப்பியிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

"தங்கச்சி, தழை தொங்குதே. வரலாமா?"

"தழை தொங்கினா வரலாம்," என்றாள் அண்ணி.

திராட்சை பிழிகிற கொட்டகையில் பெஞ்சு போட்டு உட்காரவைத்தோம். நான் ஒயின் ஊற்றினேன், அண்ணி ரொட்டி நறுக்கினாள். குளிர்ந்த ஒயின், குளிர்ந்த கறி, குளிர்ந்த மழை. பாவம், சந்தோஷமாக இருக்கத்தான் பார்த்தார்கள். "படத்துல வர்ற மாதிரி ஊரு!" என்றார் ஒருத்தர். "படத்துல சாரல் அடிக்காதுடா," என்றார் இன்னொருத்தர். ஓரத்தில் ஒரு வயசாளி, வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். உதடு நீலமாகிவிட்டது. டம்ளர் கையில் ஆடி ஒயின் சட்டையில் சிந்தியது. பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"எங்க குழுவுல தாளம் அவர்தான்," என்றார் எமெரிஷ். சிரிக்க முயற்சி செய்தார். யாரும் சிரிக்கவில்லை.

அண்ணி அந்த வயசாளியைப் பார்த்தாள். பிறகு அடுப்பைப் பார்த்தாள்.

"அண்ணி, வேணாம்."

"தெக்லா, அந்த மனுஷனுக்கு நெஞ்சுல சளி கட்டிச்சுன்னா தழையா வந்து காப்பாத்தும்?"

"குடுத்தா தழையே போயிடும் அண்ணி. கீழ்வீட்டுக்காரங்களுக்கு என்ன ஆச்சு?"

அவள் இன்னொரு ரொட்டியை எடுத்து நறுக்க ஆரம்பித்தாள். கொட்டகையிலிருந்து யாரோ தும்மினார்கள். அதைத் தொடர்ந்து இன்னும் மூன்று பேர்.

"பன்னிக்கு வெச்ச கிழங்கு வெந்துடுச்சா பாரு," என்றாள்.

அதுதான் நடந்தது. இரண்டு அண்டா உருளைக்கிழங்கு பன்றிகளுக்காகக் காலையிலேயே வெந்துகொண்டிருந்தது. இந்த விஷயம் கண்டக்டர்களுக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரியும். சுடச்சுடத் தோலை உரித்து, மசித்து, மாவு சேர்த்துப் பிசைந்தாள். விரல் நீளத்துக்கு உருட்ட வேண்டும். ஆள் போதவில்லை என்று நாலு கண்டக்டர்களை உள்ளே இழுத்துவிட்டாள்.

"டிக்கெட் கிழிக்கிற கைதானே, உருட்ட வராதா? அடக் கடவுளே, இது கொழுக்கட்டையா, தண்டவாளமா? சின்னதா உருட்டுங்கண்ணே!"

துணி வெளுக்கிற செப்பு அண்டாவில் தண்ணீர் கொதித்தது. கொழுக்கட்டை வெந்து மேலே மிதந்ததும் அள்ளி, வெண்ணெயில் புரட்டி, மூட்டையை அவிழ்த்து, அரைத்த கசகசாவும் சர்க்கரையும் தூவினாள். ஊரே கேலி செய்த அந்த மூட்டை. வாசனை மாடிக்கு ஏறியது.

"போல்டி! என்ன வாசனை?" என்று அண்ணன் கட்டிலிலிருந்து கத்தினான்.

"உங்க முதுகுக்கு மருந்து காய்ச்சறேன்!"

"மருந்துல வெண்ணெய் மணக்குதேடி!"

"நல்ல மருந்து!"

வயசாளிக்கு முதல் தட்டு. இரண்டு கையாலும் தட்டைப் பிடித்துக்கொண்டு முகத்தை ஆவியில் காட்டினார். உதட்டுக்கு நிறம் திரும்பி வந்தது. எமெரிஷ் பையில் கையை விட்டார். "இதுக்குக் காசு வேணாம், ஒயினுக்குக் குடுங்க போதும்," என்று அண்ணி தடுத்துவிட்டாள். நாற்பது பேரும் வாயில் ஆவி பறக்கச் சாப்பிட்டார்கள். கிழங்கு கிடைக்காத பன்றிகள் மட்டும் கொல்லையில் நின்று ஊரைக் கூட்டின. இந்த வீட்டில் என்னமோ நடக்கிறது என்று தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. இக்னாஸ் மாமா வெளியே வந்து மூக்கை உயர்த்தி ஒரு இழுப்பு இழுத்தார். உள்ளே போய்விட்டார். ஊரிலேயே டெலிபோன் அவர் வீட்டில்தான் இருந்தது.

அம்மா படகிலிருந்து இறங்கி வந்தபோது மணி நாலு. கொட்டகை வாசலில் நின்றாள். குடை கையிலிருந்து விழுந்தது.

"அடிப்பாவி," என்றாள். சத்தம் கூட வரவில்லை. "என் புருஷன் பாட்டன் காலத்துத் தழைடி அது. ஒரு மத்தியானம், ஒரே ஒரு மத்தியானம் உன்னை நம்பி விட்டேனே."

அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். "அந்தத் தாத்தாவுக்குப் பல்லு அடிச்சிட்டிருந்தது அத்தை," என்றாள். அவள் கண் கலங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அம்மா பதில் சொல்வதற்குள் சைக்கிள் மணி கேட்டது. பக்கத்து ஊர்ப் போலீஸ்காரர் கொலமான், மழைக்கோட்டில் ஒழுகிக்கொண்டு வந்தார். பின்னாலேயே இக்னாஸ் மாமா.

"பாருங்க, கண்ணால பாருங்க," என்றார் மாமா. "தழை தொங்குது. தட்டுல ஆவி பறக்குது. எழுதுங்க!"

கொலமான் நோட்டை எடுத்தார். பென்சிலை நாக்கில் நனைத்தார். "விருந்தாளிங்களுக்குச் சுடுசாப்பாடு குடுத்தீங்களா?"

அப்போது அண்ணி நிமிர்ந்தாள். அவள் பார்வை போலீஸ்காரரைத் தாண்டி, திறந்த வாசலைத் தாண்டி, தெருத் திருப்பத்தில் கிடந்த கல் குவியலில் போய் நின்றது.

"விருந்தாளி இல்லைங்க. வேலையாட்கள்."

"என்னது?"

"தோட்ட வேலைக்கு வந்த ஆட்கள். நேத்து வரைக்கும் இந்த ஊர்ல தோட்டத்துல கை வெச்சவனுக்குச் சுடுசாப்பாடு போடாம அனுப்பினது உண்டா? அது விக்கிறது இல்லையே, கூலிதானே?"

அது உண்மைதான். எங்கள் ஊரில் ஒருத்தன் உங்கள் தோட்டத்தில் ஒரு மணி நேரம் மண்வெட்டி பிடித்தாலும் அடுப்பிலிருந்து இறக்கிப் போட்டுத்தான் அனுப்ப வேண்டும். அதைத் தடுக்க எந்தச் சட்டமும் கிடையாது. தழை தொங்கினாலும் தொங்காவிட்டாலும்.

இக்னாஸ் மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "டை கட்டின வேலையாட்களா? ரெண்டு காணித் தோட்டத்துக்கு நாப்பது பேரா?"

"நீங்கதானே மாமா காலையில கத்தினீங்க, சாயங்காலத்துக்குள்ள கல்லை எடுக்கணும்னு? அதுக்குத்தான் ஆள் புடிச்சேன்."

"ஒரு கல்லு கூட நகரலையேம்மா," என்றார் கொலமான்.

"கூலியை முன்னாடியே குடுத்துட்டேங்க. வேலை இனிமேதான்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கொலமான் சிரிக்கவில்லை. அவர் அம்மா பக்கம் திரும்பினார். "செசிலியா அம்மா, வீடு உங்க பேர்ல இருக்கு. நீங்க சொல்லுங்க. இவங்க உங்க வேலையாட்களா?"

எனக்கு உயிர் போய்விட்டது. என் அம்மா பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. குழந்தையாக இருந்தபோது எனக்கு ஊசி வலிக்காது என்று கூடச் சொன்னதில்லை. அம்மா அண்ணியைப் பார்த்தாள், வயசாளி கையில் இருந்த காலித் தட்டைப் பார்த்தாள், இக்னாஸ் மாமாவையும் பார்த்தாள்.

"என் மருமக சொல்லிட்டா," என்றாள். "அவ சொன்னதை அவ நடத்திக் காட்டுவா. நீங்க நின்னு பாருங்க."

கொலமான் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். "சரி. இவங்களுக்கு அஞ்சரைக்கு ரயில். அஞ்சே காலுக்குள்ள வண்டி போற மாதிரி வழி ஆயிடுச்சுன்னா இவங்க வேலையாட்கள். இல்லைன்னா விருந்தாளிங்க. எழுதிடுவேன்."

எமெரிஷ் பெஞ்சு மேலே ஏறினார். "தோழர்களே! சாப்பிட்டோமா?"

"சாப்பிட்டோம்!"

"டிக்கெட் எடுக்காம யாராவது நம்ம வண்டியில போனா விடுவோமா?"

"விடமாட்டோம்!"

"அப்போ இறங்குங்க, நம்ம டிக்கெட்டை எடுப்போம்!"

திருப்பத்திலிருந்து எங்கள் கொல்லைவரைக்கும் நாற்பது பேரும் வரிசையாக நின்றார்கள். கை மாற்றிக் கை மாற்றிக் கல் போனது. ஒவ்வொரு கல்லுக்கும் "அடுத்த நிறுத்தம்!" என்று கத்தினார்கள். பிறகு பாட்டு ஆரம்பித்தது. நாலு குரலில் பாடிக்கொண்டு கல் தூக்கியதை எங்கள் பள்ளத்தாக்கு அதற்கு முன்னால் பார்த்ததில்லை. தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. வயசாளி பெஞ்சில் உட்கார்ந்து செருப்பால் தாளம் போட்டார், இந்தத் தடவை பல்லால் இல்லை. அம்மா ஞானஸ்நானத்துக்குப் போட்ட கறுப்பு உடையின் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு அண்ணிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அண்ணி நீட்டிய கல்லை வாங்கி எனக்குக் கொடுத்தாள். மாடி ஜன்னலில் அண்ணன் தலை தெரிந்தது.

"தட்டைக் கல்லைத் தனியா வைங்க! அது மேல்வரிசைக்கு!"

"போய்ப் படுடா!" என்று நானும் அம்மாவும் அண்ணியும் ஒரே மூச்சில் கத்தினோம்.

ஐந்து மணி ஐந்து நிமிஷத்துக்கு எல்லாம் முடிந்தது, ஒரு கல்லைத் தவிர. மூலைக்கல். கன்றுக்குட்டி பருமன். தெருவுக்கு நட்டநடுவில் உட்கார்ந்திருந்தது. ஆறு கண்டக்டர்கள் தள்ளினார்கள், அசையவில்லை. எட்டுப் பேர் தள்ளினார்கள், ஒரு பக்கம் எழும்பிவிட்டுத் திரும்பவும் உட்கார்ந்துகொண்டது. அந்தக் கல்லை எந்தப் பக்கம் நெம்ப வேண்டும் என்று தெரிந்த ஆம்பிளைகளில் ஒருத்தன் மாடியில் குனிந்து கிடந்தான். இன்னொருத்தர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அம்மா நேராக அவரிடம் போனாள்.

"இக்னாஸ், முப்பது வருஷமா நின்னு முறைச்சது போதும். வந்து அந்தப் பக்கம் புடி."

"நான் எதுக்குப் புடிக்கணும்?"

"இந்த ஊர்லயே உன்னை மாதிரி பலசாலி இல்லைன்னு நான் அப்பவே சொன்னேனே."

"எப்போ சொன்னே?"

"எங்க அப்பாகிட்ட சொன்னேன். பலசாலிதான், ஆனா வேணாம்னு."

தெரு சிரித்த சிரிப்பில் காக்காய்கள் எழும்பின. இக்னாஸ் மாமா அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். கல்லைப் பார்த்தார். கல்லுக்கு அந்தப் பக்கம் அவருடைய பீர் வண்டி மழையில் நின்றது, குதிரை தலையைத் தொங்கப்போட்டிருந்தது. சட்டென்று கோட்டைக் கழற்றி எமெரிஷ் தலையில் போட்டுவிட்டு, கடப்பாரையை வாங்கிக் கல்லுக்கு அடியில் குத்தினார். "தள்ளுங்கடா, டிக்கெட்டுக்காரங்களா!" கல் ஒரு முறை முனகியது. புரண்டது. ஓரத்தில் போய் விழுந்தது.

கொலமான் கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சு பதிமூணு."

கண்டக்டர்கள் தொப்பிகளை மேலே எறிந்துவிட்டு ரயிலுக்கு ஓடினார்கள். அந்த இரைச்சலில் அண்ணி உள்ளே போனதை யாரும் கவனிக்கவில்லை. திரும்பி வந்தபோது கையில் ஒரு தட்டு இருந்தது. வெண்ணெய் உருகி, கசகசா கறுப்பாகத் தூவி, ஆவி பறந்தது. நேரே இக்னாஸ் மாமாவிடம் நீட்டினாள்.

"தோட்டத்துல கை வெச்சிருக்கீங்க மாமா. சாப்பிடாமப் போகக் கூடாது."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆவி மூக்கில் ஏறிவிட்டது. ஒரு கொழுக்கட்டை தின்றார். கண்ணை மூடினார். நின்றபடியே தட்டைக் காலி செய்தார். மீசை முழுக்கக் கசகசா.

"நல்லாயிருக்கா?" என்றாள் அம்மா.

"பரவாயில்ல," என்றார். தட்டை நக்காததுதான் பாக்கி.

"சரி," என்றார் கொலமான், "இப்போ நான் எழுதணும்னா, தழை தொங்குற வீட்ல சுடுசாப்பாடு சாப்பிட்டவங்கன்னு உங்க பேரையும் சேர்த்து எழுதணும். எழுதட்டுமா?"

இக்னாஸ் மாமா மீசையைத் துடைத்துக்கொண்டார். "நான் கூலிக்குச் சாப்பிட்டேன்," என்றார்.

"அப்போ எல்லாரும் கூலிக்குத்தான் சாப்பிட்டாங்க." கொலமான் நோட்டை மூடினார். சைக்கிளில் ஏறப் போனவர் நின்றார். தெருவோரம் கிடந்த ஒரு சின்னக் கல்லைக் காலால் குவியல் பக்கம் தள்ளிவிட்டார். பிறகு அண்ணியைப் பார்த்தார்.

"இதுவும் வேலைதானேம்மா?"

அவருக்கும் ஒரு தட்டு வந்தது.

அன்றைக்கு அம்மா அண்ணியைப் பாராட்டி எதுவும் சொல்லவில்லை. பன்றிகளுக்கு மறுபடியும் கிழங்கு வேகவைத்தாள், அவ்வளவுதான். ஆனால் செப்டம்பரில் மறுபடியும் எங்கள் முறை வந்தபோது, தேவதாருக் கிளைக் கட்டையும் கயிற்றையும் எடுத்துவந்து அண்ணி மடியில் வைத்தாள்.

"எனக்குத் தோள் வலிக்குது. நீ கட்டு."

அம்மா அதற்குப் பிறகு பதினேழு வருஷம் இருந்தாள். மர ஏணியில் ஏறி வால்நட் பறித்தாள். தோள் ஒரு நாளும் வலிக்கவில்லை.

கண்டக்டர்கள் மறு வருஷம் குளிர்ச் சோஃபியா நாளுக்கு வந்தார்கள். இந்த முறை வெயில் அடித்தது. கோட்டைக் கழற்றிவிட்டு, அண்ணன் சொல்லிக்கொடுக்க, சரிந்த சுவரை எடுத்துக் கட்டினார்கள். பாதிதான் முடிந்தது. கொழுக்கட்டைக்காக வேண்டுமென்றே மெதுவாகக் கட்டினார்கள் என்று நான் சொல்வேன். ஆறு வருஷம் ஆயிற்று அந்தச் சுவர் முடிய. டிராம் சுவர் என்றுதான் எங்கள் ஊரில் அதற்குப் பேர். அதில் ஒரு கல் கூட இன்னும் நகரவில்லை. சுவர் முடிந்த பிறகு என்ன செய்வது? அண்ணி வாசலுக்கு இடப்பக்கம் ஒரு கல் குவியல் வைத்தாள். குளிரில் நடுங்கி வருகிற ஆள் யாராக இருந்தாலும் ஒரு கல்லை எடுத்து வலப்பக்கம் வைத்துவிட்டு உள்ளே வர வேண்டும். வேலை செய்தவர்களுக்குத்தான் கொழுக்கட்டை. வலப்பக்கம் நிறைந்ததும் அடுத்தவர்கள் இடப்பக்கம் வைப்பார்கள். டாக்டர்களும் வந்து தூக்கினார்கள், ஒரு தடவை பாதிரியாரே தூக்கினார்.

அண்ணிக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவள் சோஃபியாவுக்கு ஞானத்தகப்பன் யார் என்கிறீர்கள்? இக்னாஸ் மாமாதான். அவரே வந்து கேட்டார். இந்த முறை அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் செத்தபோது விடுதியை நடத்த ஆளில்லை. சோஃபியாவே எடுத்து நடத்தினாள். உரிமைப் பத்திரத்தோடு கசகசாக் கொழுக்கட்டை போட்டாள். தெருவுக்கு இந்தப் பக்கம் கல்லைத் தூக்கினால் கொழுக்கட்டை, அந்தப் பக்கம் ஷில்லிங் கொடுத்தால் கொழுக்கட்டை. ஆட்கள் கல்லைத்தான் தூக்கினார்கள். "அம்மா, என் பொழப்பைக் கெடுக்கிறே!" என்று சோஃபியா வாசலில் நின்று சத்தம் போடுவாள். "போலீஸ்ல சொல்லேன்!" என்பாள் அண்ணி.

என் அண்ணன் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. முதுகு கடைசிவரைக்கும் சரியாகவில்லை. தன்னை ஒரு கொழுக்கட்டை கல்யாணம் செய்துகொண்டது என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

போல்டி அண்ணிக்கு இந்த மார்ச்சில் எண்பத்தேழு முடிந்தது. எங்கள் வீட்டில், கொட்டகையை ஒட்டின அறையில் இருக்கிறாள். காது கொஞ்சம் மந்தம், கை நன்றாக இருக்கிறது. தழையைப் பேரன் கட்டுகிறான், கயிற்றை அவள் பிடித்துக்கொள்கிறாள்.